ஒன்றுதானே என்னும் கணக்கு

புகைபிடிப்பது உடலுக்குக் கெடுதல் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அது படத்தோடு அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை, நாள் முழுக்க ஊதித் தள்ளுகிறவர்களுக்குத்தான், நமக்கல்ல என்று நினைப்பவர்கள் ஏராளம். காலையில் டீயோடு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒன்று. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்பது அவர்களுடைய கணக்கு. இருபது குடிப்பவருக்கு வரும் ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதானே ஒன்று குடிப்பவருக்கு வரும் என்று கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் தெரியும். கடைக்காரர் சில்லறைக்கு விற்கிறார், கல்லூரி மாணவர் நண்பனிடம் ஓசியில் வாங்குகிறார், குடும்பத்தாரும் 'குறைத்துவிட்டார், பரவாயில்லை' என்று ஆறுதல் அடைகிறார்கள். இந்தக் கணக்கு தவறு. மனித உடல் புகையின் அளவுக்கு நேர் விகிதத்தில் பாதிக்கப்படுவதில்லை. முதல் ஒன்றிரண்டு சிகரெட்டுகளே இதயத்துக்குச் செய்யக்கூடிய தீங்கில் கணிசமான பங்கைச் செய்து முடித்துவிடுகின்றன. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் தனிமனிதர்களும் அரசுகளும் புகையிலை விஷயத்தில் பாதி வழியிலேயே திருப்திப்பட்டு நின்றுவிடுகிறார்கள்.

நேர் விகிதக் கணக்கு நம் மனத்தில் பதிந்ததற்குக் காரணம் உண்டு. புகையிலையின் தீங்கை உலகம் முதலில் அறிந்துகொண்டது நுரையீரல் புற்றுநோய் வழியாக. 1950இல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, முப்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். 2004இல் வந்த அதன் முடிவு, விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்றது. நுரையீரல் புற்றைப் பொறுத்தவரை, நாளொன்றுக்குப் புகைக்கும் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடுகிறது. காரணம் விளங்கக்கூடியதே. புகையில் உள்ள பென்சோபைரீன் போன்ற பொருள்கள் செல்லின் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு எழுத்துப்பிழைகளை உண்டாக்குகின்றன. தினமும் ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைத்தால் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிழைகள் சேர்கின்றன என்று 2016இல் வெளியான மரபணு ஆய்வு கணக்கிட்டது. பிழைகள் சேரச் சேர ஆபத்து. ஆனால் இங்கேயும் ஒரு நுட்பம் இருக்கிறது. தினசரி எண்ணிக்கையைவிட, புகைத்த ஆண்டுகளின் நீளமே நுரையீரல் புற்றின் ஆபத்தை மிக வேகமாகப் பெருக்குகிறது. 'கொஞ்சமாகத்தான் குடிக்கிறேன்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முப்பது வருடம் நீட்டிப்பவர், புற்றுநோய்க் கணக்கிலேயே ஏமாந்துதான் போகிறார்.

இதயத்தின் கதை வேறு. புகைப்பவர்களைக் கொல்லும் நோய்களில் முன்வரிசையில் நிற்பவை மாரடைப்பும் பக்கவாதமும். இவற்றில் ஆபத்தின் கோடு சீராக ஏறுவதில்லை. தொடக்கத்திலேயே செங்குத்தாக எழும்பி, பிறகு மெதுவாகச் சாய்ந்து ஏறுகிறது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆலன் ஹேக்‌ஷாவும் சக ஆய்வாளர்களும் 141 நெடுங்கால ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு இருபது சிகரெட் குடிக்கும் ஆண்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, குடிக்காதவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஒன்றே ஒன்று குடிப்பவர்களுக்கோ அது 48 சதவீதம் கூடுதல். அதாவது, இருபது சிகரெட் கொண்டுவரும் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழப் பாதியை முதல் சிகரெட்டே கொண்டுவந்துவிடுகிறது. பெண்களிடம் அந்த முதல் சிகரெட்டின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பக்கவாதத்திலும் இதே போக்குதான். இதற்கு முன்பே, 1970களில் தொடங்கி 2002 வரை சுமார் 43,000 பேரைக் கண்காணித்த நார்வே ஆய்வு, நாளுக்கு ஒன்று முதல் நான்கு வரை மட்டுமே புகைத்தவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டிருந்தது. இருபதிலிருந்து ஒன்றுக்கு இறங்கியவர், ஆபத்தில் இருபதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடவில்லை. இருபதாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்கு இறங்கி வந்து அங்கிருந்து குதிக்கலாம் என்று நினைப்பவரின் நிலைதான் அவருடையது.

ஏன் இப்படி? இதயம் புகையைக் கூட்டிக் கழித்துச் சேமித்து வைப்பதில்லை. உடனுக்குடன் எதிர்வினை ஆற்றுகிறது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்களின் வேலை, காயம்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரத்தப்போக்கை அடைப்பது. புகையின் நுண்துகள்களும் வேதிப்பொருள்களும் காயமே இல்லாத இடத்தில் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. ரத்தக்குழாயின் உள்சுவர், தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் பெரிய அளவு புகை தேவையில்லை. சிறிதளவு பட்டாலே தூண்டப்பட்டு, விரைவிலேயே உச்சத்தை எட்டிவிடுகின்றன. அதற்குமேல் எவ்வளவு புகைத்தாலும் கூடுதல் விளைவு கொஞ்சம்தான். நிக்கோட்டின் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். காலை டீயோடு குடித்த ஒன்றின் மிச்சம், அடுத்ததைப் பற்றவைக்கும்போதும் ரத்தத்தில் இருக்கிறது. இதயம் கூடுதலாக உழைக்க வேண்டிய நேரத்தில் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது, குழாய் சுருங்குகிறது, ரத்தம் உறையத் துடிக்கிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிவு உள்ள ஒருவருக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், அன்றைக்கு அவர் குடித்தது எத்தனையாவது சிகரெட் என்பது பொருட்டே இல்லை.

இந்தச் சான்றுகளை ஒருவர் நியாயமாகவே சந்தேகிக்கலாம். குறைவாகப் புகைப்பவர்களில், நோய் வந்து பயந்து குறைத்தவர்கள் கலந்திருக்கலாம். உண்மையில் பத்து குடித்துவிட்டு இரண்டு என்று ஆய்வாளரிடம் சொன்னவர்களும் இருக்கலாம். அப்படியானால் அவர்களின் நோயை அந்த ஒன்றிரண்டு சிகரெட் மேல் சுமத்துவது சரியா? இந்தக் கேள்விக்கு, சிகரெட்டைத் தொடாதவர்களின் உடலே பதில் சொல்கிறது. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவரின் உடலில் சேரும் நிக்கோட்டின், புகைப்பவரோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். நேர் விகிதக் கணக்குப்படி அவர்களுடைய இதய ஆபத்து கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்க வேண்டும். ஆனால் அது 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்று 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை முடிவுசெய்தது. அவர்கள் நோய் கண்டு குறைத்தவர்களும் அல்ல, எண்ணிக்கையை மறைத்தவர்களும் அல்ல. 'ஊரெல்லாம் வாகனப் புகை, இதில் என் சிகரெட்டா பெரிது' என்ற வாதத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ 15 முதல் 20 கனமீட்டர். கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள மோசமான காற்றிலும் நாள் முழுக்க உள்ளே போவது இரண்டு மில்லிகிராம்தான். ஒரே சிகரெட், தார் எனப்படும் புகைத்துகள்களைச் சுமார் பத்து மில்லிகிராம் உள்ளே அனுப்புகிறது. நகரத்துக் காற்று மாரடைப்பைக் கூட்டுகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. இரண்டு மில்லிகிராமே இதயத்தைத் தாக்குகிறது என்றால், பத்து மில்லிகிராமை 'ஒன்றுதானே' என்று சொல்ல இடமேது?

அடுத்த கேள்வி, அந்த ஒன்று ஒன்றாகவே நிற்குமா என்பது. சிகரெட்டை இழுத்த பத்து இருபது விநாடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. ஒரு முழு சிகரெட், மூளையில் நிக்கோட்டினை ஏற்கும் முக்கிய ஏற்பிகளில் பெரும்பாலானவற்றை நிறைத்துவிடும் என்று மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிக்கோட்டின் பாதியாகக் குறையும்போது எரிச்சலும் தவிப்பும் தலைதூக்குகின்றன. அடுத்ததைத் தேடிக் கை போகிறது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் சிகரெட்டைச் சும்மா முயன்று பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சில காலமாவது தினமும் புகைப்பவர்களாக ஆனதாகக் கண்டது. எண்ணிக்கையைக் குறைத்தவர்களிடமும் உடல் விட்டுக்கொடுப்பதில்லை. இழந்த நிக்கோட்டினை ஈடுகட்ட ஒவ்வொரு சிகரெட்டையும் இன்னும் ஆழமாக, இன்னும் அதிக முறை, நுனிவரை இழுக்கிறார்கள். 'லைட்' சிகரெட் என்ற பெயரில் விற்கப்பட்டவையும் இப்படித்தான் மக்களை ஏமாற்றின. ஃபில்டரில் நுண்துளைகள் இட்டதால், புகைக்கும் எந்திரத்தில் வைத்து அளந்தபோது தார் குறைவாகத் தெரிந்தது. மனித விரல்களும் உதடுகளும் அந்தத் துளைகளை மூடிவிட்டன. நுரையீரல் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொண்டது. அவை பாதுகாப்பானவை என்ற எண்ணத்தைத் தெரிந்தே பரப்பியதற்காகப் பெரிய சிகரெட் நிறுவனங்களை 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் கண்டித்துத் தீர்ப்பளித்தார். குறைவு என்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை விற்று லாபம் பார்த்த வரலாறு அது.

நம் நாட்டில் அந்த நம்பிக்கை பீடியின் வடிவத்திலும் உலவுகிறது. சிகரெட்டில் உள்ளதைவிட மிகக் குறைந்த புகையிலை, காகிதத்துக்குப் பதில் இலை, ஆகவே கெடுதல் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இலை காகிதம்போல் காற்றை உள்ளே விடுவதில்லை. பீடி அடிக்கடி அணைந்துவிடும்; அணையாமல் வைத்திருக்க விட்டு விட்டு அதிக முறை, வலுவாக இழுக்க வேண்டும். அதனால் சின்ன பீடியும் தாரையும் கார்பன் மோனாக்சைடையும் தாராளமாகவே உள்ளே அனுப்புகிறது. இந்தியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த இறப்புகளை ஆராய்ந்து 2008இல் பிரபாத் ஜாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்குப்படி, பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக ஆறு ஆண்டுகளையும், பெண்கள் எட்டு ஆண்டுகளையும், சிகரெட் புகைக்கும் ஆண்கள் பத்து ஆண்டுகளையும் இழக்கிறார்கள். நாளொன்றுக்கு ஏழுக்குள் நிறுத்திக்கொண்டவர்களும் தப்பவில்லை. அந்த அளவில் பீடி குடித்தவர்களின் இறப்பு வாய்ப்பு கால் பங்கு கூடியது. சிகரெட் குடித்தவர்களுக்கு அது ஏறத்தாழ இரட்டித்தது.

புகை எந்த நோயை வளர்க்கிறது என்பது அது நுழையும் ஊரையும் பொறுத்தது. ஐரோப்பாவில் அது முதலில் நுரையீரல் புற்றாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் காசநோயாகவும் தெரிந்தது. சென்னையின் வேந்தன் கஜலட்சுமியும் சக ஆய்வாளர்களும் 1990களில் சென்னையிலும் விழுப்புரம் கிராமப்புறங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003இல் லான்செட் இதழில் வெளியான அந்த முடிவு உலகக் கவனத்தைப் பெற்றது. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகையே காரணம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நம்மில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. உடலின் காவல் உறுதியாக இருக்கும்வரை அது எழுவதில்லை. மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை முடக்கி, கிருமியை விழுங்கும் செல்களைப் பலவீனப்படுத்தி, புகை அந்தக் காவலைத் தளர்த்துகிறது. எழுந்த நோய் இருமல் வழியாக மனைவிக்கும் குழந்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகிறது. ஒருவர் பற்றவைத்த பீடிக்கான விலையை, பீடியை வாயில் வைத்தே அறியாதவர்கள் கட்டுகிறார்கள்.

'என் உடம்பு, என் காசு, என் இஷ்டம்' என்ற வாதம் இங்கேதான் பலவீனப்படுகிறது. தனிமனித உரிமையை நான் மதிக்கிறேன். அரசு ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் மூக்கை நுழைப்பதை விரும்பவில்லை. ஆனால் உரிமை என்பது தெரிந்து தேர்ந்தெடுப்பது. பெரும்பாலோர் பதின்வயதிலோ அதை ஒட்டியோ தொடங்குகிறார்கள். விட நினைக்கும் வயதில் மூளை ஒத்துழைக்க மறுக்கிறது. இரண்டாவதாக, புகை தனிமனிதரோடு நிற்பதில்லை. 1981இல் ஜப்பானின் தகேஷி ஹிராயாமா, புகைக்காத மனைவியருக்கு வரும் நுரையீரல் புற்றைக் கணவரின் புகைப்பழக்கத்தோடு இணைத்துக் காட்டினார். இந்திய உச்ச நீதிமன்றம் 2001இல் முரளி தேவரா வழக்கில், மருத்துவமனை, பள்ளி, பேருந்து போன்ற பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்ய உத்தரவிட்டது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் விரிவான விதிகள் வந்தன. புகைக்காதவர் சுவாசிக்கும் காற்றின்மேல் புகைப்பவருக்கு உரிமை கிடையாது என்பதே அதன் பொருள். சட்டம் நுழையாத இடம் வீடு. அங்கே பிறர் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள், எழுந்து போகச் சொல்லும் அதிகாரம் இல்லாத குழந்தைகளும் பெண்களும்தான். ஜன்னலோரம் நின்று ஒன்றே ஒன்று குடிப்பவரும், முதல் சிறு அளவிலேயே ஆபத்து செங்குத்தாக ஏறும் அந்தக் கோட்டில்தான் தன் வீட்டாரை நிறுத்துகிறார்.

சமூகத்தின் இழப்பைப் பணத்தாலும் அளந்திருக்கிறார்கள். 2017-18இல் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் புகையிலைப் பயன்பாட்டால் மருத்துவச் செலவாகவும் இழந்த உழைப்பாகவும் இந்தியாவுக்கு ஏற்பட்ட இழப்பு 1,77,341 கோடி ரூபாய். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் மேல். மென்று துப்பும் புகையிலையும் இதில் அடங்கும். புகையிலை வரி அரசுக்குப் பெரிய வருமானமாயிற்றே என்பவர்களுக்கு இந்த எண் பதில் சொல்லும். வரியாக வருவது இதில் ஒரு பகுதிதான். இன்னும் கவனமாகக் கேட்க வேண்டிய ஆட்சேபம் பீடித் தொழிலாளர்களுடையது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் லட்சக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தபடியே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியில் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். புகையிலையை ஒழித்தால் இவர்கள் கதி என்ன? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அந்தக் கூலி என்றைக்கும் அவர்களை வறுமையிலிருந்து மீட்டதில்லை. புகையிலைத் தூசியை அவர்கள் சுவாசிக்கிறார்கள், இலையைத் தொடும் விரல் வழியே நிக்கோட்டின் உடலில் ஏறுகிறது. பீடிக்குச் சிகரெட்டைவிட மிகக் குறைந்த வரியே இருந்துவந்திருக்கிறது. அதை உயர்த்தி, வரும் பணத்தை அதே பெண்களின் மாற்றுத் தொழிலுக்கு ஒதுக்குவதே நியாயம். அவர்களின் வறுமையைக் கேடயமாக்கி, இன்னொரு ஏழையின் நுரையீரலைப் பலியிடுவது நியாயமாகாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் வாதம், 'எங்கள் தாத்தா தொண்ணூறு வயதுவரை சுருட்டுக் குடித்தார்' என்பது. அவர் இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆபத்து என்பது வாய்ப்புக் கணக்கு. எல்லோரையும் ஒரே நாளில் அது கொல்வதில்லை. ஆனால் நெடுங்காலம் புகைப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் புகையிலையே கொல்கிறது. பிழைத்த தாத்தாவைச் சொல்லிக் காட்டப் பேரன் இருக்கிறான். நாற்பத்தைந்தில் போனவர் பேரனைப் பார்த்ததே இல்லை. இன்னொரு பக்கம், முதல் சிகரெட்டே பாதி ஆபத்து என்றால் குறைப்பதில் பயனே இல்லையா என்று கேட்பவருக்கும் நேர்மையான பதில் உண்டு. புற்றுநோய்க் கணக்கில் குறைப்பதற்குப் பயன் உண்டு. அறவே நிறுத்துவதற்குப் படிக்கட்டாகக் குறைப்பதும் நல்லதே. ஆனால் படிக்கட்டில் குடியிருக்கக் கூடாது. நிறுத்தும் தேதியைக் குறிக்காத குறைப்பு, அதே பழக்கத்தை நீண்ட காலத்துக்குத் தவணை பிரித்துக்கொள்வதுதான்.

இதே செங்குத்துக் கோட்டை மறுபக்கமிருந்து படித்தால் ஒரு நம்பிக்கை தெரிகிறது. ஏறும்போது முதல் சிகரெட் அதிகத் தீங்கு செய்கிறது என்றால், இறங்கும்போது கடைசி சிகரெட்டை விடுவதுதான் அதிக நன்மை தருகிறது. நிறுத்திய சில நாளிலேயே தட்டணுக்களும் ரத்தக்குழாய்களும் தேறத் தொடங்குகின்றன. ஓரிரு ஆண்டுகளில் மாரடைப்பு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டால் ஆய்வின்படி, அறுபது வயதில் நிறுத்தியவர்களுக்கு மூன்று ஆண்டுகள், ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் ஏறக்குறைய பத்து ஆண்டுகளும் திரும்பக் கிடைத்தன. 2020இல் வந்த மரபணு ஆய்வு, புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாயில் சேதமில்லாத செல்கள் மீண்டும் பெருகி, சிலரிடம் 40 சதவீதம்வரை இடம் பிடித்திருப்பதைக் காட்டியது. மன உறுதி மட்டும் போதாதவர்களுக்கு நிக்கோட்டின் மெல்லும் பசை, வாரெனிக்ளின் போன்ற மருந்துகள், ஆலோசனை ஆகியவை உண்டு. 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணில் உதவி கிடைக்கிறது. அரசு செய்ய வேண்டியதும் இதே கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. எச்சரிக்கைப் படம் பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைத்திருந்தும், பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட்டாக வாங்குபவர் அதைப் பார்ப்பதே இல்லை. மாணவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதை எட்டும் விலைக்குக் கொண்டுவருவதும் சில்லறை விற்பனைதான். மகாராஷ்டிரம் 2020இல் அதைத் தடைசெய்தது. தமிழ்நாடும் செய்ய வேண்டும். காசநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் புகையை விட உதவுவது அந்தச் சிகிச்சையின் கட்டாயப் பகுதியாக வேண்டும். மருத்துவர் நோயாளியிடம் 'எத்தனை குடிக்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டு, ஒன்றிரண்டு என்றால் தலையசைத்து விட்டுவிடக் கூடாது. அந்த ஒன்றிரண்டில் நிற்பவர்தான் நிறுத்துவதற்கு மிக அருகில் இருக்கிறார். இதயத்துக்கு மிகப் பெரிய லாபம் மிச்சமிருப்பதும் அந்தக் கடைசி அடியில்தான்.